சீனி வருத்தத்துக்கு சோத்துக் கோப்பைய மட்டும் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல போன ஞாயித்துக்கிழமை வந்த நீரிழிவு கட்டுரைய நானும் வாசிச்சேன், எங்க ஃபார்மசிக்கு வாற ஆக்கள் ரெண்டு மூணு பேருக்கும் வாசிக்கக் குடுத்தேன். சோத்த குறைங்க, நடங்க, பிளேன்டீக்கு சீனி போடாதீங்க, ராவைக்கு கொத்து வேணாம், எல்லாம் சரிதான், அதுல ஒண்ணையும் பிழைன்னு சொல்ல வரல. ஆனா முழுப் பக்கம் எழுதியும் ஒரு வரி கூட இல்லாம போன விசயம் ஒண்டு இருக்கு. நாங்க இழுக்கிற புகை, சாப்பாட்ட சுத்துற பிளாஸ்டிக், தோட்டத்துல அடிக்கிற மருந்து, இதுல இருக்கிற கெமிக்கலும் இந்த வருத்தத்துல பங்கெடுக்குதா இல்லையான்னு வெளிநாட்டுல 20, 25 வருசமா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க, மதுரையிலயே பண்ணிருக்காங்க, எங்க தமிழ் பேப்பர்ல மட்டும் இன்னும் வெந்தயத் தண்ணியும் பாகற்காயும்தான் ஓடுது.

நான் கொட்டாஞ்சேனையில ஒரு ஃபார்மசி கவுன்டர்ல வேலை செய்றவ. டொக்டர் இல்ல, விஞ்ஞானியும் இல்ல. ஆனா சீனி வருத்தத்துக்கு குடுக்கிற மெட்ஃபோர்மின் குளிசை யார் யாருக்கு போகுதுன்னு எனக்கு நல்லா தெரியும். முந்தியெல்லாம் ஓய்வு எடுத்த மாஸ்டர்மார், கொஞ்சம் தடிச்ச ஆன்ட்டிமார்தான் சிட்டைய நீட்டுவாங்க. இப்ப த்ரீவீல் ஓட்டுற பொடியன்கள், கராஜ்ல டிங்கர் வேலை செய்ற பொடியன்கள், புறக்கோட்டையில நாட்டாமை வேலை செய்ற ஆக்கள், ஒல்லியா எலும்பும் தோலுமா இருக்கிறவங்க கூட வந்து "அக்கா, அந்த பெரிய வெள்ளக் குளிசை ரெண்டு கார்ட் தாங்க"ன்னு கேக்குறாங்க. ஒரு த்ரீவீல் தம்பி சொன்னான், "டொக்டர் சீனிய குறைக்க சொல்றாரு அக்கா, நான் டீக்கே சீனி போடுறதில்ல, இன்னும் எத குறைக்கிற?" அவன் நாள் முழுக்க மருதானை சந்தியில பஸ் புகைக்கு நடுவுல நிக்கிறவன். மூட்டை தூக்குறவனுக்கு போய் நடக்க சொல்றதுல என்ன இருக்கு சொல்லுங்க.

இலங்கையில 2005-06ல எடுத்த கணக்குல 20 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 10.3 வீதம் பேருக்கு நீரிழிவு. அதுக்குப் பிறகு 2018-19 காலத்துல நாடு முழுக்க பாத்த இன்னொரு ஆய்வுல 23 வீதம் கிட்ட வந்துச்சு. ரெண்டு சர்வேயும் ஒரே மாதிரி செய்யல, அதால ஒண்டுல இருந்து ஒண்ட நேரா கழிச்சு பாக்க ஏலாது, சரி. ஆனாலும் அந்த இடைவெளியில எங்கட ஜீன்ஸ் மாறியிருக்காதே. சாப்பாடு மாறிச்சு, நடை குறைஞ்சது, அது உண்மை. கூடவே சுத்தி இருக்கிற சாமானும் மாறிச்சு, அதையும் கொஞ்சம் பாக்கணும்ன்றதுதான் என்ட கதை.

கெமிக்கலால சீனி வருத்தம் வருமான்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை சொல்றேன். அமெரிக்காவுல 1975ல வேக்கோர்னு ஒரு எலிப்பாஷாணம் கடைக்கு வந்துச்சு. அத தெரியாமலோ தற்கொலைக்கோ குடிச்சு உயிர் தப்பின ஆக்கள் சில பேருக்கு கொஞ்ச நாள்லயே கடும் நீரிழிவு வந்து, இன்சுலின் ஊசி இல்லாம இருக்க ஏலாத நிலைமை ஆயிட்டுது, ஏன்னா சதையியில இன்சுலின் சுரக்கிற பீட்டா கலங்கள அந்த மருந்து நேராவே அழிச்சிட்டுது. 1979ல அத வாபஸ் வாங்கினாங்க. ஆராய்ச்சிக்கு எலிக்கு நீரிழிவு வர வைக்கிறதுக்கே அலொக்சான், ஸ்ட்ரெப்டோசொட்டோசின்னு ரெண்டு கெமிக்கல்தான் லேப்ல ஊசியா போடுறாங்க. அப்ப கெமிக்கலால முடியும்ன்றதுல சந்தேகமில்ல, எங்களுக்கு நாளாந்தம் சின்னச் சின்னதா உள்ள போற அளவு என்ன செய்யுதுன்றதுதான் கேள்வி.

வியட்நாம் சண்டையில 1962ல இருந்து 1971 வரைக்கும் காட்டு இலைகள கொட்ட வைக்க களைமருந்து அடிச்சாங்களே, அதுல கூடுதலா பாவிச்ச ஏஜென்ட் ஒரேஞ்ச்ல டயொக்சின்ன்ற நச்சு கலந்திருந்துச்சு. அந்த மருந்த பிளேன்ல இருந்து தெளிச்ச அமெரிக்க விமானப்படை ஆக்கள பிறகு வருசக்கணக்கா சோதிச்சு பாத்ததுல, இரத்தத்துல டயொக்சின் கூட இருந்தவங்களுக்கு டைப் 2ன்ற, கூடுதலான ஆக்களுக்கு வாற வகை நீரிழிவும் கூட இருந்துச்சு. 2001ல அமெரிக்க அரசாங்கமே வியட்நாம் போன பழைய சிப்பாய்களுக்கு இத சண்டையால வந்த வருத்தம்னு ஏத்துக்கிட்டு நட்டஈட்டுப் பட்டியல்ல சேத்துச்சு. சிப்பாய்க்கு நட்டஈடு, தெளிக்கப்பட்ட ஊர்ச் சனத்துக்கு என்ன கிடைச்சதுன்னு கேக்காதீங்க.

இப்ப மதுரைக்கு வாறேன். மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆக்கள் 2017ல வெளியிட்ட ஆய்வு இது, 3,080 கிராமத்து ஆக்கள பாத்திருக்காங்க. ஒர்கனோபொஸ்பேட் வகை பூச்சி மருந்தோட நேரா புழங்கினவங்களுக்கு, புழங்காதவங்கள விட மூணு மடங்கு கிட்ட நீரிழிவு இருந்திருக்கு. இதுல விசேசம் என்னன்னா இவங்க வயக்காட்டுல வேலை செய்றவங்க, குந்தியிருந்து தின்னு உடம்பு வச்சவங்க இல்ல. பிறகு எலிகளுக்கு அதே வகையில மொனோகுரோட்டொபொஸ்ன்ற பூச்சி மருந்த கொஞ்சம் கொஞ்சமா 180 நாள் குடுத்து பாத்தாங்க, சீனி ஏறிச்சு. ஏன்னு தோண்டினா, குடல்ல இருக்கிற பக்டீரியாதான் அந்த மருந்த உடைச்சு அசிட்டேட்டா மாத்துது, ஈரல் அத எடுத்து குளுக்கோஸ் செய்யுது. அதாவது சீனி வாயால போகல, உள்ளுக்குள்ளயே தயாராகுது! இத வாசிச்ச அன்னைக்கு எனக்கு அந்த த்ரீவீல் தம்பி ஞாபகம்தான் வந்துச்சு, அவன்ட விசயம் பூச்சி மருந்து இல்லாட்டியும்.

அந்த மொனோகுரோட்டொபொஸ் இலங்கையில 1995லயே நிப்பாட்டியாச்சு. சீனி வருத்தத்துக்காக இல்ல, சனம் அத குடிச்சு செத்துட்டே இருந்ததால. நல்ல முடிவு, எத்தனையோ உசிர் தப்பிச்சுது. ஆனா அப்ப இருந்து எங்க நாட்டுல ஒரு பூச்சி மருந்து நல்லதா கெட்டதான்னு பாக்கிறது பெரும்பாலும் "குடிச்சா சாவானா"ன்ற கண்ணாலதான். குடிக்காம, முதுகுல டாங்கிய கட்டிக்கிட்டு பத்து வருசம் அடிக்கிறவனுக்கு என்ன ஆகும்னு யார் பாக்குறா. கொழும்புல இருக்கிற எங்கள்ல எத்தனையோ பேருக்கு ஹட்டன், நுவரெலியா, பதுளை பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, மரக்கறித் தோட்டத்துல கையுறை இல்லாம, ஒரு துணிய மூக்குல கட்டிக்கிட்டு மருந்தடிச்சிட்டு அதே கையால வெத்தில போடுறவங்க. அந்த மரக்கறிதான் விடிய முந்தி பேலியகொட மார்க்கெட்டுக்கு வந்து இறங்கி எங்க வீட்டுக்கும் வருது. அடிச்சு எத்தனை நாளுக்குப் பிறகு பறிச்சதுன்னு கேட்டா முதலாளி எங்கள பாத்து சிரிப்பாரு. அமெரிக்காவுலயும் 33,000 பேருக்கு மேல மருந்தடிக்க லைசன்ஸ் எடுத்தவங்கள 2008ல பாத்தாங்க, ஏழு வகை மருந்துக்கு நீரிழிவோட தொடர்பு தெரிஞ்சுது, கூடுதலா பாவிச்சவங்களுக்கு கூடுதலா.

அடுத்தது பிளாஸ்டிக். இதுல சனம் வட்ஸ்அப்ல அனுப்புறது பாதி பிழை, அதையும் சொல்லணும். சோத்துப் பார்சல் சுத்துற பொலிதீன் லஞ்ச் ஷீட்ல பிபிஏ, அதாவது பிஸ்பீனோல் ஏன்ற பிளாஸ்டிக் கெமிக்கல் இருக்குன்னு போன வாரமும் ஒரு மெசேஜ் வந்துச்சு. பொலிதீன் செய்ய பிபிஏ தேவையில்ல. பிபிஏ வாறது பொலிகார்பனேட்ன்ற கண்ணாடி மாதிரி கெட்டி பிளாஸ்டிக்ல, டின் சாப்பாட்டு டின்னுக்கு உள்பக்கம் பூசுற பூச்சுல, கடையில பில் அடிக்கிற தேர்மல் பேப்பர்ல. தலேட்ன்றது வேற, பிளாஸ்டிக்க மெதுமையாக்க சேக்கிறது, பிவிசியில கூடுதல், அச்சு மை, ஒட்டுற பசை, வாசனைச் சாமான் எல்லாத்துலயும் வரும். லஞ்ச் ஷீட்ட பத்தி பயப்பட காரணம் என்னன்னா, அது எந்த பழைய பிளாஸ்டிக்க உருக்கி செஞ்சது, அதுல என்ன கலந்திருக்குன்னு அத வாங்குற சாப்பாட்டுக் கடைக்காரருக்கே தெரியாது.

எங்க ஃபார்மசியில மத்தியானம் பின்னால ஸ்டோர் ரூம்ல மருந்துப் பெட்டிய தள்ளி வச்சிட்டு பார்சல் பிரிப்போம். ஆவி பறக்குற சோறு, பருப்பு, மாலு குழம்பு, பொரியல், அப்பளம். குழம்பு எண்ணெய் ஷீட்டுல ஒட்டிக்கிட்டு மஞ்சளா மினுங்கும், சூட்டுல ஷீட் சுருங்கி சோத்தோட ஒட்டி வரும், சில நாள் ஓரத்துல சின்னதா கிழிஞ்சு ஒரு துண்டு வாய்க்குள்ளயே போகும், துப்பிட்டு அடுத்த பிடி. சூடும் எண்ணெயும் சேந்தா பிளாஸ்டிக்ல இருக்கிறது சாப்பாட்டுக்கு இறங்குறது கூடும், இது யாரும் மறுக்காத விசயம். 2017ல மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிஞ்சு 30 பேருக்கு மேல செத்த பிறகுதான் அந்த வருசம் செப்டம்பர்ல லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிஃபோம் பெட்டிக்கும் தடை வந்துச்சு. அதுவும் குப்பைக்காகத்தான், வயித்துக்காக இல்ல. இப்ப மக்கிப்போற ஷீட்னு சொல்லி வருது, மண்ணுல மக்கிறது சரி, சூடு சோத்துல என்ன செய்யுதுன்னு அந்த பக்கட்டுல எழுதியிருக்கிறத நான் பாத்ததில்ல.

டின் மீன் கதையும் அதே. எங்க வீடுகள்ல சம்பளத்துக்கு முந்தின கிழமை டின் மீன் இல்லாம போகாது. ஹார்வர்ட் ஆக்கள் 2011ல ஒரு சின்ன ஆய்வு செஞ்சாங்க, 75 பேருக்கு ஒரு கிழமை அஞ்சு நாள் தினம் ஒரு கோப்பை டின் சூப், இன்னொரு கிழமை புதுசா செஞ்ச சூப், ரெண்டு கிழமையும் சலம் (சிறுநீர்) எடுத்து பாத்தா டின் சூப் கிழமையில பிபிஏ 10 மடங்குக்கு மேல. சூப்புக்கே இவ்வளவு. எல்லா கொம்பனியும் இன்னும் அந்தப் பூச்சதான் பாவிக்கிறாங்கன்னு நான் சொல்லல, சில பேர் மாத்தியிருக்காங்க, ஆனா டின்ன பாத்து எங்களுக்கு எப்படி தெரியும்?

இந்த பிபிஏ உடம்புல ஈஸ்ட்ரோஜன் ஓமோன் மாதிரி நடிக்கும். 1930கள்லயே அத மருந்தா பாவிக்கலாமான்னு சோதிச்சு பாத்தவங்க இருக்காங்க, பிறகுதான் அது பிளாஸ்டிக்குக்கு போச்சு. ஸ்பெயின்ல 2006ல எலிக்கு கொஞ்சூண்டு குடுத்து பாத்தப்ப சதையி தேவைக்கு மேல இன்சுலின் சுரந்து, அப்படியே நாலு நாள் போக உடம்பு அந்த இன்சுலினுக்கு மதிப்பு குடுக்காம போச்சு. இன்சுலின் எதிர்ப்புன்றது அதுதான், டைப் 2 அங்கதான் தொடங்குது. 2008ல அமெரிக்காவுல 1,455 பேர்ட சலத்த பாத்ததுல பிபிஏ கூட உள்ளவங்களுக்கு நீரிழிவும் இருதய வருத்தமும் கூட இருந்துச்சு. ஐரோப்பாவுல 2011ல பால் போத்தல்ல தடை. 2023ல அங்க உணவுப் பாதுகாப்பு சபை, ஒரு நாளைக்கு இவ்வளவு பிபிஏ போனா பரவாயில்லன்னு முந்தி சொன்ன அளவ 20,000 மடங்கு குறைச்சாங்க. இருபதாயிரம்! அது பாத்தது கூடுதலா நோயெதிர்ப்பு விசயத்த, சீனிய இல்ல, ஆனா முந்தி "பயப்பட ஒண்டுமில்ல"ன்னு சொன்ன அதே சபைதான் இதையும் சொல்லுது. 2024 கடைசியில சாப்பாடு படுற சாமான்கள்ல பிபிஏவுக்கு தடைன்னு முடிவும் எடுத்தாச்சு. அங்க விக்க ஏலாத சரக்கு எங்க போகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

பில் பேப்பர் என்ட சொந்தப் பிரச்சின. நாள் முழுக்க கிழிச்சு கிழிச்சு குடுக்கிறது நான்தானே. கொரோனாவுக்குப் பிறகு கவுன்டர்ல சனிடைசர் போத்தல் நிரந்தரமா நிக்குது, கைய தேச்சிட்டு ஈரம் காய முந்தி பில்ல பிடிப்பேன். அப்படி பிடிச்சா தோல் வழியா பிபிஏ போறது நல்லா கூடுதுன்னு அமெரிக்காவுல ஒரு ஆய்வு இருக்கு. ஐரோப்பாவுல 2020ல இருந்து பில் பேப்பர்ல பிபிஏவ இல்லாத மாதிரி ஆக்கிட்டாங்க. இங்க எங்க முதலாளிக்கிட்ட ரோலுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன், விலை எழுதியிருக்குன்னாரு. இன்னொண்டு, பிபிஏ இல்லன்னு கொட்டையா எழுதி விக்கிற சாமான்ல பல நேரம் பிபிஎஸ்ன்னு அதோட தம்பி இருப்பான், குணமும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

காத்த பத்தி கனக்க எழுதல, ஏன்னா கொழும்புல இருக்கிற ஆருக்கும் அது தெரியும், 2022 டிசம்பர்ல காத்து அசுத்தம்னு ஸ்கூல் மூடின நாடு இது. ஆனா அந்த நேரம் எல்லாரும் இருமலையும் நெஞ்சையும்தான் கதைச்சாங்க. டெல்லியிலயும் சென்னையிலயும் 12,000 பேருக்கு மேல 2010ல இருந்து 2017 வரைக்கும் பின்தொடர்ந்து பாத்து 2023ல போட்ட ஆய்வுல, காத்துல பிஎம் 2.5ன்ற நுண்ணிய தூசு வருச சராசரி 10 மைக்ரோகிராம் கூடினா நீரிழிவு வாற ஆபத்து 22 வீதம் கூடுதுன்னு வந்துச்சு. சென்னை எங்கட மாதிரி கடலோர ஊர், சோறு சாம்பார் சனம், அமெரிக்கன் கணக்கு எங்களுக்கு பொருந்தாதுன்னு சொல்றவங்க இத பாக்கலாம். அந்தத் தூசு நுரையீரல தாண்டி இரத்தத்துக்கு போய் உடம்பு முழுக்க அழற்சிய கிளப்புது, அதால இன்சுலின் வேலை செய்யாம போகுதுன்னு விளக்கம் சொல்றாங்க.

இப்ப இதுக்கு எதிரா சொல்லக்கூடியதையும் நானே சொல்லிடுறேன், இல்லாட்டி அடுத்த கிழமை ஒரு டொக்டர் ஐயா கடிதம் போடுவாரு. மனுசருல செஞ்ச ஆய்வுல கூடுதலானது தொடர்பத்தான் காட்டுது, இதாலதான் வந்துச்சுன்னு அடிச்சு சொல்லல. பிபிஏ கூட இருக்கிறவன் டின் சாப்பாடும் சோடாவும் கூட எடுக்கிறவனா இருப்பான், அப்ப குத்தவாளி எதுன்னு பிரிக்கிறது கஷ்டம். ஒரு நேரம் எடுத்த சலத்த வச்சு பத்து வருச கணக்கு சொல்ல ஏலாது, பிபிஏ கொஞ்ச மணித்தியாலத்துல வெளிய போயிடும். டயொக்சின் மாதிரியானது கொழுப்புல வருசக்கணக்கா கிடக்கும், ஆனா கொழுப்பு கூடினவனுக்கு எப்படியும் நீரிழிவு ஆபத்து கூட. இதெல்லாம் நியாயமான கேள்வி. அதோட வயித்துச் சதை, குடும்பத்துல வருத்தம், மூணு வேளையும் சோறு, இதுக்கு பக்கத்துல கெமிக்கல்ட பங்கு எவ்வளவுன்னு ஒருத்தரும் சரியா அளந்து முடிக்கல. அதால தயவு செஞ்சு இத வாசிச்சிட்டு மெட்ஃபோர்மின நிப்பாட்டிட்டு பிளாஸ்டிக் போத்தல தூக்கிப் போட்டா போதும்னு யாரும் நினைக்காதீங்க, அப்படி ஒரு மாமி எங்க கவுன்டருக்கு வந்து ஏற்கனவே கேட்டாச்சு, நான் ஏசி அனுப்பினேன்.

நாங்களா செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. அமெரிக்காவுல 2011ல அஞ்சு குடும்பத்துல 20 பேருக்கு மூணே நாள் டின்னும் பிளாஸ்டிக்கும் படாத புது சாப்பாடு குடுத்தாங்க, சலத்துல பிபிஏ சராசரியா 66 வீதம் இறங்கிச்சு. அப்ப எவர்சில்வர் டிபன் கரியர கடைக்கு கொண்டு போய் அதுல சோறு வாங்குறது, பிளாஸ்டிக் டப்பாவ மைக்ரோவேவ்ல வைக்காம இருக்கிறது, கீரையும் மரக்கறியும் நல்லா கழுவுறது, இதெல்லாம் காசு போற வேலை இல்ல. வாழ இலை கேட்டா குடுக்கிற கடை கொட்டாஞ்சேனையில இன்னும் இருக்கு. ஆனா காலையில ஆறு மணிக்கு பஸ் ஏறி கார்மெண்ட்ஸ் போற பிள்ளைக்கு கரியர் தூக்க நேரமும் இல்ல, பஸ்ல இடமும் இல்ல. சந்தியில நிக்கிற த்ரீவீல் தம்பி புகைய வடிகட்டி இழுக்க ஏலாது. இத தனியாள் ஒழுக்கம்னு அவங்க தலையில கட்டினா, சோத்த குறை நடன்னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அதால ஆசிரியர் ஐயாக்கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி ரெண்டு மூணு இடத்துல கேட்டு போடுங்க. சாப்பாடு சுத்துற ஷீட்டையும் டின் பூச்சையும் பில் ரோலையும் இங்க எந்த லேப்ல, என்ன கெமிக்கலுக்கு சோதிக்கிறாங்க, சோதிச்ச ரிப்போர்ட்ட சனம் பாக்க ஏலுமா? கிளினிக்ல புது நோயாளிக்கு கொப்பி திறக்கிற நேரம் வயசு, நிறை, அம்மா அப்பாக்கு இருக்கான்னு கேக்கிறாங்களே, என்ன தொழில், மருந்தடிக்கிறதா, பெயிண்ட் வேலையா, எத்தனை வருசமான்னு ஒரு வரி சேத்து எழுத என்ன தடை? பத்து வருசம் அப்படி எழுதி வச்சா எங்க நாட்டுக்கே சொந்தமா ஒரு கணக்கு இருக்கும், ஸ்பெயின் எலியையும் மதுரை எலியையும் காட்டிக்கிட்டு நான் கடிதம் எழுதவும் தேவையில்ல. அந்தக் கேள்விக்கு சுகாதார அமைச்சுல யாராவது பதில் சொன்னா அந்தப் பக்கத்த வெட்டி எங்க கவுன்டர் கண்ணாடியில ஒட்டுறேன், சிட்டையோட வாறவங்க நிண்டு வாசிப்பாங்க.

இப்படிக்கு,
ஃபார்மசி வாசகி ஒருத்தி,
கொழும்பு 13.